இரண்டாவது மானிட்டர் கிடைக்கவில்லை

அந்தப் புகார் என் கைக்கு வந்தபோது அது மூன்றாவது முறையாக வந்திருந்தது. ‘இரண்டாவது மானிட்டர் கண்டறியப்படவில்லை. தினமும் பகலில் கொஞ்ச நேரம். பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது.’ முந்தைய இரண்டு முறையும் ஆரோக்கியம் அண்ணன் போய் வந்திருந்தார். ஒரு தடவை கேபிளை மாற்றியதாகவும் அடுத்த தடவை போர்ட்டை மாற்றியதாகவும் எழுதியிருந்தார். கோளாறு போகவில்லை.

எங்கள் சர்வீஸ் சென்டரில் பதினோரு டெக்னீஷியன்கள். அதில் பெண் நான் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும், கதவைத் திறப்பவர்கள் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். பதினைந்து வருஷ அனுபவம் உள்ள அண்ணனுக்கே பிடிபடாத கோளாறு என்றதும் எனக்குள் ஒரு வெறி வந்தது. நான் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அன்றைக்கு என் மனசில் இருந்தது.

இந்த மாதிரிப் புகார்களை நாங்கள் ‘தலை கேஸ்’ என்போம். இதில் இரண்டாவது மானிட்டர் மேசைமேல் இருக்காது. ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கும்.

வீடு உறையூரில், ஒரு குறுக்குச் சந்தின் கடைசியில் இருந்தது. காலை பத்தரை மணி. கதவைத் திறந்தவர் புனிதவதி அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் வாய் திறப்பதற்குள் ஹாலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“உள்ள வாம்மா. செருப்ப வாசல்லயே விடு. இடது செருப்புல வார் அறுந்து ஆணி அடிச்சு வச்சிருக்க. பாத்துக் கழட்டு, குத்திரும்.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். நிமிர்ந்தபோது, பேசியவர் எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் மாசிலாமணி. கண் அழுத்த நோயில் இரண்டு கண்ணும் போய் ஆறு வருஷத்துக்கு மேல் ஆனவர்.

“எப்படித் தெரியுதுன்னு பாக்கறியா?” என்றார். “கேட்டுக்கு மேல ஒரு காமிரா இருக்கு. ஹால்ல ஒண்ணு, அடுப்படியில ஒண்ணு, கொல்லைப் பக்கம் ஒண்ணு. எனக்குக் கண்ணு மூஞ்சியில இல்ல, சுவத்துல இருக்கு.” கையிலிருந்த சின்ன ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார். நான்கு பொத்தான்கள். “நான் நடக்கறதையே நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டு நடப்பேன். முதல்ல தலை சுத்துச்சு. இப்ப பழகிருச்சு.”

“தலைக்குள்ள தகடு வச்ச இடத்துல வலி ஏதாவது இருக்கா சார்?”

“இல்ல. பின்மண்டையில ரெண்டு விரல் அகலத்துக்கு இருக்கு. கம்ப்யூட்டர் அனுப்பற படம் அதுல விழுது. பாவம், அந்த மிஷினுக்கு நான் ஆளுன்னே தெரியாது. இன்னொரு மானிட்டர்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கு.” சிரித்தார். சிரித்துக்கொண்டே ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். “புனிதா, குழம்பு ஓரத்துல வழியுது. கரண்டியக் கீழ வச்சிருக்க பாரு, தட்டுல வை.”

அடுப்படியிலிருந்து தட்டில் கரண்டி வைக்கும் ஓசை வந்தது.

முப்பத்தோரு வருஷம் ஒரு ஜவுளி மில்லில் துணி பார்க்கும் வேலையில் இருந்தாராம். வெளிச்சம் போட்ட கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இழை அறுந்திருந்தால், ஒரு முடிச்சு துருத்தியிருந்தால், கையை உயர்த்தி நிறுத்துவார். அதை அவர் பெருமையாகச் சொன்னார். எனக்கும் அந்தப் பெருமை பிடித்திருந்தது. என் வேலையும் அந்த மாதிரிதானே என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் பக்கத்து அறையில் இருந்தது. முறைப்படி ஆரம்பித்தேன். “சார், கேபிளக் கழட்டப் போறேன். அஞ்சு நிமிஷம் இருட்டா இருக்கும்” என்று குரல் கொடுத்துவிட்டுக் கழற்றினேன். கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்தது.

“சீக்கிரம் போடும்மா” என்றார். அதட்டல் குரல் போய், வேறு குரலாக இருந்தது. “தினமும் நாப்பது நிமிஷம் இப்படித்தான் உக்காந்திருக்கேன். முன்னாடி ஆறு வருஷம் இருட்டுல இருந்தவன்தான். ஆனா ஒரு தடவ வெளிச்சத்தப் பாத்துட்டுத் திரும்ப இருட்டுல விழுறது வேற. யாராவது பக்கத்துல நின்னாக்கூடத் தெரியாது. மூச்சு முட்டும்.”

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேபிள் நன்றாக இருந்தது. வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தேன். டிரைவரைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோனேன், புதியதற்கு ஏற்றினேன். ‘கண்டறி’ பொத்தானை அழுத்தியபோதெல்லாம் திரையில் இரண்டு கட்டங்கள் வந்து நின்றன. ஒன்று, இரண்டு. இரண்டாவது கட்டம் அவர். எந்தக் குறையும் இல்லை. கடைசியாக, கம்ப்யூட்டர் தானாக எழுதி வைக்கும் பதிவுகளைத் திறந்தேன். யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஆயிரக்கணக்கான வரிகள். தேதி போட்டுச் சலித்தேன்.

பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு முன்னே பின்னே, விசைப்பலகையில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி யாரோ ‘முதல் திரை மட்டும்’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாற்பது நிமிஷம் கழித்து அதே விசைப்பலகையில் மறுபடி இரண்டு திரையும் என்று மாற்றியிருக்கிறார்கள். ஞாயிறுகூட விடவில்லை.

அந்த வரிகளைப் போனில் படமெடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். புனிதவதி அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேனா, தெரியாது.

“கண்டுபிடிச்சுட்டேன் சார்” என்றேன். “கேபிள்லயோ போர்ட்லயோ ஒரு கோளாறும் இல்ல. வீட்ல யாரோதான் ஆஃப் பண்றாங்க. கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கு.”

மாசிலாமணி ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். ஹால் காமிராவாக இருக்க வேண்டும்.

“பதிவு இருக்குன்னியே. தேதியும் நேரமும் இருக்கா?”

“இருக்கு சார்.”

“வாசி.”

நான் நான்கைந்து நாள் வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

“எத்தனை நாள் இருக்கு?”

“அறுபத்தி மூணு சார்.”

“எல்லாத்தையும் வாசிம்மா.”

வாசித்தேன். தேதி, இருட்டான நேரம், வெளிச்சம் வந்த நேரம். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை லேசாக ஆட்டினார். புனிதவதி அம்மா மோர் தம்ளருடன் நின்ற இடத்திலேயே நின்றார். முப்பதாவது வரிக்கு மேல்தான் எனக்கு உறைக்க ஆரம்பித்தது. வரிசையில் ஒரே ஒரு நாள் மட்டும் நாற்பது நிமிஷத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் இருந்தது. “அது எந்த நாள்?” என்று கேட்டார். சொன்னேன். “புனிதாவோட அண்ணன் செத்த செய்தி வந்த நாள்” என்று எனக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “மேல வாசி.”

முடித்தபோது என் தொண்டை காய்ந்திருந்தது. அந்த மோரை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

“இனிமே யாரும் தொட முடியாதபடி பாஸ்வேர்டு போட முடியுமா?”

“முடியும் சார்.”

போட்டேன். பாஸ்வேர்டை அவர் என் காதில்தான் சொன்னார். புகாரை முடித்து, ‘கோளாறு கண்டறியப்பட்டது’ என்று எழுதி, அவர் கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டைச் சாத்த வந்த புனிதவதி அம்மா முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீயும் சிரிச்சுக்கிட்டே கேளு பாப்பா” என்றார், உதடு அதிகம் அசையாமல். “அவரு மேலேர்ந்து பாக்கறாரு. சத்தம் கேக்காது. படம் மட்டும்தான்.”

நான் பல்லைக் காட்டினேன்.

“அம்மா… அந்த நாப்பது நிமிஷம் என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். அடுப்படியில தரையில உக்காந்திருப்பேன். மூஞ்சிய எப்படி வேணா வச்சுக்குவேன்.” சிரிப்பு மாறாமலே சொன்னார். “கல்யாணமான நாள்லேர்ந்து அவரு கண்ணு என் மேலயேதான். ஏன் மூஞ்சி இப்படி இருக்கு, யார நினைக்கற, ஏன் உதட்டச் சுழிக்கற, இப்படியேதான். கண்ணு போச்சுன்னப்ப நான் அழுதேன் பாப்பா, நெசமாவே அழுதேன். ஆனா அந்த ஆறு வருஷம்தான் நான் நல்லாத் தூங்கினேன். சரி, நீ போ. வெயில் ஏறுது.”

மத்தியானம் டீக்கடையில் ஆரோக்கியம் அண்ணனிடம் சொன்னேன். கோளாற்றைக் கண்டுபிடித்ததை முதலில் சொன்னேன். அவர் வடையைப் பிட்டவர் பிட்டபடியே நின்றார்.

“சொல்லிட்டியா?”

“என்னண்ணே?”

“அந்த ஆளுகிட்டச் சொல்லிட்டியான்னு கேக்கறேன் ரிஸ்வானா.”

“சொன்னேன். அதுக்குத்தானே போனேன்?”

“எனக்குத் தெரியலன்னு நினைச்சியா? முதல் தடவ போனப்பவே பதிவப் பாத்துட்டேன். பாத்துட்டு மூடிட்டேன்.”

“அப்ப கேபிள் மாத்துனேன்னு எழுதினது?”

“மாத்திட்டுத்தான் எழுதினேன். நல்ல கேபிள எடுத்துட்டு நல்ல கேபிளப் போட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “அவரு இருட்டுல தவிக்கிறாருண்ணே. நீங்க அந்தக் கையப் பாக்கல.”

“பாத்தேன். நாப்பது நிமிஷம் தவிக்கிறாரு” என்றார் அண்ணன். “மத்த நேரமெல்லாம் யாரு தவிக்கிறாங்கன்னு பாத்தியா?”

அன்றைக்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. எட்டு மாதம் அந்த வீட்டிலிருந்து எந்தப் புகாரும் வரவில்லை.

பிறகு வந்தது. ‘இரண்டாவது மானிட்டர் கண்டறியப்படுகிறது. ஆனால் படம் கறுப்பாக இருக்கிறது. பல மணி நேரம்.’ கீழே ஒரு குறிப்பு இருந்தது: ‘முன்பு கோளாற்றைக் கண்டுபிடித்த பெண்ணையே அனுப்பவும்.’

போன முறை போலவே காலையில் போனேன். கேட்டுக்கு மேல் காமிரா இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளும் சுண்ணாம்புத் திட்டும் இருந்தன. ஹாலிலும் அப்படியே. நிம்மதியாக இருந்தது, ஒரு நிமிஷம். கதவைத் திறந்துவிட்டு மாசிலாமணிதான் நின்றார். சுவரைத் தடவித் தடவி நாற்காலிக்குத் திரும்பினார். முழங்காலில் கட்டு.

“போன வாரம் பாத்ரூம்ல விழுந்துட்டேன்” என்றார். “படம் போயிருச்சு. திடீர்னு.”

“காமிராவெல்லாம் எடுத்துட்டீங்களா சார்?”

“இனிமே அது எதுக்கு?” முகம் மலர்ந்தது. “புனிதாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ண வேண்டியதாப் போச்சு. எப்படியும் புது லென்ஸ் வைக்கத்தானே போறாங்க? கனடாவுல இருக்கற எங்க பையன்தான் விசாரிச்சுச் சொன்னான். படம் அனுப்பற லென்ஸ் வந்திருக்காம். ராத்திரி வண்டி ஓட்டற லாரி டிரைவருங்களுக்காகச் செஞ்சதாம். அதையே வச்சாச்சு. இப்ப அவ பாக்கறது எனக்குத் தெரியும். நான் நடக்கணும்னா அவ என்னையப் பாத்தாப் போதும்.” கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார், “முப்பத்தி நாலு வருஷம் ஆச்சும்மா கல்யாணமாகி. இப்பதான் ரெண்டு பேரும் ஒரே எடத்தப் பாக்கறோம்.”

அதை அவர் அன்போடுதான் சொன்னார். அவருக்கு அது அன்பாகத்தான் பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

“அம்மா ஒத்துக்கிட்டாங்களா?”

“கையெழுத்துப் போட்டாளே.”

கம்ப்யூட்டர் இப்போது ஹாலிலேயே, அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவருக்குப் போகும் படத்தையே மேசைமேல் இருக்கும் மானிட்டரிலும் வரும்படி மாற்றினேன். கறுப்பு. ‘கண்டறி’ அழுத்தினேன். ஒன்று, இரண்டு என்று கட்டங்கள் வந்தன. அளவு சரி. வேகம் சரி. லென்ஸிலிருந்து வரும் சிக்னல் முழுசாக இருந்தது. சிக்னல் வராவிட்டால் திரையில் அப்படி ஒரு எச்சரிக்கை வரும். அதுவும் வரவில்லை. படம் வந்துகொண்டுதான் இருந்தது. வந்த படமே கறுப்பு.

“டாக்டரு கண்ணப் பாத்துட்டாரு, நல்லாருக்குங்கறாரு” என்றார் மாசிலாமணி. “அப்ப மிஷின்லதானே இருக்கணும்?”

“அம்மாவப் பாத்துட்டு வந்துடறேன் சார்.”

அடுப்படியில் புகைபோக்கி விசிறி இரைந்துகொண்டிருந்தது. புனிதவதி அம்மா நின்றபடி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இடது கை விரல்களில் மூன்றில் பிளாஸ்திரி. முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தீக்காயம், ஆறியும் ஆறாமலும். அவர் காயை விரல் நுனியால் தடவி, கத்தியை நகத்தோடு ஒட்டி வைத்து, மெல்ல அழுத்தி நறுக்கினார். இரண்டு கண்களும் மூடியிருந்தன.

என் காலடி ஓசையில் கை நின்றது.

“யாரு?”

“ரிஸ்வானாம்மா. கம்ப்யூட்டர்…”

“ஓ, நீயா.” கண்ணைத் திறக்கவில்லை. “விசிறி ஓடறப்பப் பேசினா அவருக்குக் கேக்காது. பேசு.”

பேசச் சொன்னவர் தானே தொடர்ந்தார்.

“காமிரான்னா சுவத்துல இருந்துச்சு. முதுகத் திருப்பிக்கலாம். இப்ப நான் எதப் பாத்தாலும் அவரும் பாக்கறாரு. ஜன்னல்ல ஒரு குருவியப் பாத்தா, அங்க என்ன பார்வைங்கறாரு. கண்ணாடியப் பாத்தா, எதுக்குங்கறாரு. என் கையக்கூட நான் தனியாப் பாத்துக்க முடியல பாப்பா. அதான் மூடிட்டேன். காலையில எழுந்து அவருக்குக் காப்பி குடுத்ததும் மூடிருவேன். சோறு வடிக்கறதுதான் கொஞ்சம் கஷ்டம். மத்தபடி பழகிருச்சு.”

“எங்கயாவது போயிடலாமேம்மா?”

“எங்க?” என்றார். கிண்டலாக இல்லை. நிஜமாகவே ஒரு இடத்தின் பெயரை நான் சொல்வேனா என்று கேட்பதுபோல இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் மறுபடி காயைத் தடவ ஆரம்பித்தார்.

ஹாலுக்கு வரும் அந்தப் பத்தடி தூரத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன். அறுபத்தி மூன்று வரிகளை வாசித்த வாய் இது. இன்றைக்கு ஒரு பொய் சொன்னால் என்ன?

“சார், லென்ஸ் சிக்னல வாங்கற பெட்டி போயிருச்சு” என்றேன். “இந்த மாடல் இப்ப வர்றதில்ல. வெளிநாட்டுலேர்ந்து வரணும். நாலஞ்சு மாசம் ஆகலாம். வராமலும் போகலாம்.”

“போயிருச்சா?”

“ஆமா சார். உள்ள எரிஞ்சிருக்கு. இந்தப் பெட்டியக் கழட்டி நான் கொண்டுபோயிடறேன்.”

அவர் முகம் தொங்கிப்போனது. கை தானாக நாற்காலியின் கைப்பிடியைத் தேடியது. நான் இளகக் கூடாது என்று பெட்டியின் கேபிளைக் கையில் எடுத்தேன்.

புனிதவதி அம்மா அடுப்படி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். எட்டு மாதத்தில், ஏன், அதற்கும் முன்னால் எத்தனையோ வருஷத்தில், அவருக்காக யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையோ என்னவோ. சொன்னது யார் என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

மேசைமேல் இருந்த மானிட்டரில் என் முகம் வந்தது. பெரிதாக, தெளிவாக. நெற்றியில் வியர்வை. கையில் கேபிள்.

“ஓ” என்றார் மாசிலாமணி. “நீ இப்படித்தான் இருப்பியா? அப்ப காமிராவுல மேலேர்ந்து உச்சந்தலையத்தானே பாத்தேன்.”

புனிதவதி அம்மா பதறிக் கண்ணை மூடினார். திரை கறுத்தது. மூடியிருக்கவே வேண்டாம். திறந்தது ஒரு தவறு என்றால் மூடியது அதைவிடப் பெரிய தவறாகிவிட்டது.

அடுப்படி விசிறி மட்டும் இரைந்தது.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு, இல்லம்மா?” என்றார் அவர். கோபம் இல்லை. துணியில் அறுந்த இழையைக் கண்டுபிடித்தவரின் குரல். “புனிதா, கண்ணத் திற. அந்தப் பொண்ணையே பாரு. எனக்கு அவ மூஞ்சி தெரியணும்.”

திறந்தார். மறுபடி நான் திரைக்கு வந்தேன்.

“இந்த லென்ஸ்ல ஒரு வசதி இருக்காமே” என்றார். “கம்பெனிக்காரன் போன்ல சொன்னான். டிரைவருங்க தூங்கிடாம இருக்க. இவ்வளவு விநாடிக்கு மேல கண்ண மூடினா இமையில சுருக்குனு ஒரு குத்து விழுமாம். அத ஆன் பண்ணிக் குடு. ராத்திரி பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் வேணாம். தூங்கட்டும்.”

“என்னால முடியாது சார்.”

“சரி” என்றார் உடனே. “உன்னக் கட்டாயப்படுத்தல. நாளைக்கு வேற ஆள் வருவான். எத்தனை விநாடி வைக்கணும்னு கேப்பான். நான் ஒண்ணுன்னு சொல்லுவேன். அவனுக்கு என்ன? வச்சுட்டுப் போயிருவான்.”

நான் புனிதவதி அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னபடி. அந்தப் பார்வையில் என் மீது ஒரு குறையும் இல்லை.

“நீயே செஞ்சுட்டுப் போ பாப்பா” என்றார். “அஞ்சு வை.”

“மூணு” என்றார் மாசிலாமணி.

“அஞ்சு இல்லாட்டி கண்ணு எரியுங்க.”

“மூணு. கண்ணச் சிமிட்ட மூணு தாராளம்.”

உட்கார்ந்தேன். அந்த அமைப்பைத் தேடி எடுத்தேன். ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு எண். மூன்று என்று தட்டினேன். சேமிக்கப் போனால், முதலில் ஒருமுறை சோதித்துப் பார்த்தால்தான் சேமிக்க முடியும் என்றது கம்ப்யூட்டர். பாதுகாப்புக்காகவாம். சோதனைப் பொத்தான் பச்சை நிறத்தில் இருந்தது.

“கண்ண மூடிக்கங்கம்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மூடினார். திரை கறுத்தது. நான் அழுத்தினேன். ஒரு சின்ன முனகல். திரையில் உத்தரம், மின்விசிறி, தரை, மறுபடி உத்தரம் என்று படம் துள்ளி அடங்கியது. பிறகு எல்லாம் கலங்கித் தெரிந்தது. அது கண்ணீர் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“வேலை செய்யுது” என்றார் மாசிலாமணி. “நல்ல பொண்ணு. போய் வேலையப் பாரு புனிதா, மணியாகுது.”

நான் பையில் கேபிள்களைச் சுருட்டி வைத்தேன். சுருட்டினது அவிழ்ந்தது, மறுபடி சுருட்டினேன். மேசைமேல் மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படி வந்தது. பலகை, கத்தி, பாதி நறுக்கிய அவரைக்காய். பிறகு கறுத்தது. வெளிச்சம். கத்தி, ஒரு காய் குறைந்திருந்தது. கறுத்தது. வெளிச்சம். அடுப்பு நெருப்பு, ஒரு நொடியில் பாதி. கறுத்தது.

மாசிலாமணியின் நெற்றி சுருங்கியது.

“என்ன இது? ஏன் இப்படி வெட்டி வெட்டி வருது?”

“கண் சிமிட்டறாங்க சார்” என்றேன்.

“இவ்வளவு நேரமா சிமிட்டுவாங்க?”

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் முன்னால் சாய்ந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருட்டு வரும்போதெல்லாம் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“ஒண்ணு… ரெண்டு…”

நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

“ஒண்ணு… ரெண்டு…”

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைச் சாத்த யாரும் வரவில்லை, நானே சாத்தினேன். சந்தின் முனை வரைக்கும் அந்தக் குரல் கேட்டது. ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு. நின்று கவனித்துக் கேட்டேன். மூணு என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.